கிழங்கைக் கேட்ட செபம்

அன்புள்ள சவரி,

முதலில் ஒரு திருத்தம். பிரிக்பீல்ட்ஸ் மாதாகோயிலில் பூசை முடிந்து படியிறங்குகிறவர்களும், கிள்ளான் பாசாரில் என்னைக் கண்டு கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும், இப்போது சிங்கப்பூரில் உன் காதுவரைக்கும் செய்தி கொண்டுவந்துவிட்டவர்களும் சொல்வது உண்மையல்ல. ஜப்பான்காரன் காலத்தில் உபதேசியார் மனைவி தனியாகப் போய் ஒரு தோட்டத்தையே வேதத்தில் சேர்த்துவிட்டாள் என்கிறார்கள். நான் ஒருவரையும் வேதத்தில் சேர்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தேன். என்னால் ஒரு தலையில்கூட ஞானஸ்நானத் தண்ணீர் விழவில்லை. ஊர் முழுக்கப் பேசப்பட்ட ஒன்றுக்குத் திருத்தமும் ஊர் பார்க்கவே இருக்கட்டும் என்று இந்தக் கடிதத்தைப் பார்த்தெழுதி ஒரு படியைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். ஆகவே இதில் வெட்கப்படும்படி ஏதாவது வந்தால் அது என்னுடைய வெட்கம். நீ அதில் பங்குகேட்க வேண்டாம்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. போர்னியோவில், ஆற்றின் மேல்பக்கத்துக் காட்டு ஊர் ஒன்றுக்கு, பள்ளிக்கூட வாத்தியாராகவும் உபதேசியாராகவும் பத்து வருஷத்துக்குப் போகச் சம்மதித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மருமகள் லூர்துவும் உன்னோடு வருகிறாள், புது வருஷம் பிறந்ததும் கப்பல் என்கிறாய். "அம்மா, நீங்கள் செய்ததைக் கேள்விப்பட்ட பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது" என்ற வரியை மூன்று முறை வாசித்தேன். அதில் எழுத்துப்பிழை இல்லை. வரி முழுவதுமே பிழை. நான் செய்யாத ஒன்றை நம்பி நீ கப்பலேறக் கூடாது. நீ போவதைத் தடுக்க இதை எழுதவில்லை. போகச்சொல்லித் தள்ளவும் எழுதவில்லை. எதை நம்பிப் போகிறாய் என்பது சரியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் படித்த கன்னியர்மடத்தில் பகல் சாப்பாட்டின்போது ஒருத்தி எழுந்து நின்று மிஷனரிகளின் வரலாறு வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பேசாமல் சாப்பிட வேண்டும். என் உச்சரிப்பு சுத்தமாக இருந்ததால் பெரும்பாலும் நான்தான் வாசித்தேன். நான் சாப்பிட்ட சோறு எப்போதும் ஆறிய சோறு. ஆனால் அந்தக் கதைகளின் சூடு எனக்குப் போதுமாக இருந்தது. கப்பல் உடைந்து கரையேறிய கன்னியர், ஒரே பிரசங்கத்தில் மனந்திரும்பிய தீவு, மரணத்தின்போது ஒளிவீசிய முகம். எல்லா வரலாற்றிலும் முதல் பக்கத்தில் கடல் இருக்கும், கடைசிப் பக்கத்தில் அறுவடை இருக்கும். நடுவில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அநேகமாக எதுவும் எழுதப்பட்டிருக்காது.

உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை உபதேசியார் என்று கேட்டு மகிழ்ந்தேன். கடல் இல்லாவிட்டாலும் சைக்கிளாவது இருக்கிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் தோட்டங்களுக்குப் புறப்படுவார், திங்கட்கிழமை திரும்பி வருவார். வந்ததும் நான் கேட்பேன்.

"என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல. உக்காந்திருந்தேன்."

"ரெண்டு நாளுமா?"

"ராமசாமி கெழவனுக்கு மூச்சு வாங்குது. பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"அவன் வேதக்காரனா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"கெழவன்."

முப்பது வருஷம் இந்த மாதிரிப் பதில்களைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். ஒருமுறை உன் முன்னாலேயே, "உட்காருவதற்கு உங்களுக்குச் சைக்கிள் எதற்கு?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் இறந்துபோனார். அவர் செய்யத் தவறியதை நான் செய்திருப்பேன் என்ற எண்ணம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

1942-ல் அதற்கு வழி கிடைத்தது. பங்குச் சாமியாருக்கு ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஐந்து வேதக்காரக் குடும்பங்கள் இருந்தன. உன் அப்பா போய்வந்துகொண்டிருந்த தோட்டம். அவர்களுக்குப் பூசையும் இல்லை, செபம் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. நான் போகிறேன் என்றேன். சாமியார் என் வயதைக் கேட்டார். அறுபத்திரண்டு என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு. பக்கத்து வீட்டு ஞானம்மாவை உனக்குத் தெரியும், ரயில்வே கார்டு மனைவி. அவள் வாசலிலேயே மறித்தாள்.

"எதுக்குக்கா ஒங்களுக்கு இந்த வேல? அங்க கொசு இருக்கு, பாம்பு இருக்கு, ஜப்பான்காரன் இருக்கான். ஒங்க வீட்டுக்காரரே முப்பது வருஷம் மிதிச்சு மிதிச்சுப் போயி என்னத்தக் கண்டாரு?"

"அவர் போனது வேறு. நான் கிறிஸ்துமஸுக்குள் அந்தத் தோட்டத்தில் இருபது பேரை ஞானஸ்நானத்துக்குத் தயார்செய்துவிட்டுத் திரும்புவேன்."

"இருபது பேரா? எண்ணிக் கொண்டாங்க, நானே வந்து மாலை போடறேன்!"

இருபது பேர் என்ற அந்த வாக்கியத்தை நான் தெருவில் நின்று சொன்னேன் என்பதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும். என் டிரங்குப் பெட்டியில் என்ன வைத்தேன் என்றும் சொல்கிறேன், நீயும் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். ஞானோபதேசப் புத்தகம் இருபது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை ஆறு. சிலுவையோடு ஒரு பாடுபட்ட சுரூபம். பிள்ளைகளின் நகம் பார்க்க ஒரு பிரம்பு. வருகைப் பதிவேடு ஒன்று, கோடு போட்டது. உப்பு எடுத்துப் போகவில்லை. ஊசி எடுத்துப் போனேன், அதுவும் என் புடவை கிழிந்தால் தைக்க. கிள்ளான்வரை ரயிலில் போய் அங்கிருந்து மாட்டுவண்டியில் போனேன்.

தோட்டத்து லயம் என்றால் தெரியுமல்லவா, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பலகைச் சுவர் அடித்த அறைகள். கடைசி அறையை எனக்குக் கொடுத்தார்கள். அடுத்த அறை அஞ்சலையுடையது. அவள் வேதக்காரி இல்லை. மாரியம்மனுக்குத் தீ மிதித்தவள். புருஷன், செல்லம் என்று ஐந்து வயதுப் பெண், அவ்வளவுதான் அவள் குடும்பம். முதல் வாரம் பாடத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நகம் அழுக்காக இருந்த நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் வாரம் மூன்று பேர் வந்தார்கள். பெண்களிடம் பதிவேட்டில் எழுதப் புருஷன் பெயரைக் கேட்டேன். ஒருத்தியும் சொல்லவில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். வேதக்காரி மரியாயிகூடச் சொல்லவில்லை. "இது மூடத்தனம். ஞானஸ்நானம் வாங்கியும் இந்தப் பழக்கமா?" என்று அத்தனை பேர் முன்னிலையில் அவளைக் கடிந்துகொண்டேன். அந்தப் பக்கத்தில் பெயர் எழுதும் கட்டங்கள் காலியாகவே இருந்தன. அது என் முதல் தோல்வி என்று நினைத்தேன்.

பிறகு சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் லோரி வந்து நின்றது. ரயில்பாதை வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். மரத்தில் பால் வெட்டப் போக நின்ற ஆண்களை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள். கையில் பால் வாளியோடு ஏறியவர்களும் உண்டு. ஐந்து வேதக்காரக் குடும்பங்களில் நான்கு வீட்டு ஆண்கள் போனார்கள். அஞ்சலையின் புருஷனும் போனான். அன்று நான் பதிவேட்டை மூடிவைத்தேன். ரப்பரை வாங்க ஆளில்லாததால் மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளிக்கிழங்கு நடச் சொன்னார்கள், பெண்கள்தான் நட்டார்கள். அரிசி என்பது ஒரு பேச்சாக மட்டும் இருந்தது. காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு.

லோரி போன நாலாம் நாள் அஞ்சலை என் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, அந்த மந்திரத்த எனக்குச் சொல்லிக் குடுங்க. அவரு பத்திரமாத் திரும்பி வரணும்."

நம் செபங்களுக்குப் பழைய பெயர் மந்திரம் என்பது உனக்குத் தெரியும். அவள் அதைத் தாயத்துப்போல நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது. முதலில் ஞானோபதேசத்தின் முதல் கேள்வியிலிருந்து படிக்க வேண்டும் என்றேன். சரி என்றாள். இரண்டு நாள் கேள்வி பதில் படித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள். மூன்றாம் நாள், ஆண்டவர் கற்பித்த செபத்தில், அன்றாட அப்பத்தைக் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அப்பம்னா நம்ம ஆப்பமா?"

"இல்லை. ரொட்டி. நம்முடைய சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம்."

"ரொட்டியக் கண்ணால பாத்து எத்தன மாசம் ஆச்சு. இல்லாததக் கேட்டா சாமிக்குச் சங்கடமா இருக்காதா டீச்சரம்மா? இருக்கறதக் கேப்பமே. நான் கெழங்குன்னு கேட்டுர்றேன்."

"ஆண்டவர் தம் வாயாலேயே சொல்லிக்கொடுத்த வார்த்தை இது. உன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது."

"அவரு ஊர்ல அப்பம் வெளஞ்சிருக்கும். நம்ம ஊர்ல கெழங்குதானே வெளையுது?"

"அப்பம் விளையாது அஞ்சலை, கோதுமைதான் விளையும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

வெளியே கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சிவந்தது. சரியாகச் சொல்ல முடிந்தால் வா, இல்லாவிட்டால் வராதே என்றேன். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. புருஷன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று ஒரு பெண் என்னிடம் செபம் கேட்டு வந்தாள். ஒரு சொல்லுக்காக அவளைத் திருப்பி அனுப்பினேன். இதை நான் மறுபடி படித்துப் பார்த்தேன். மாற்றி எழுத ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் ஏன் அங்கேயே இருந்தேன் என்று நினைக்கிறாய்? தைரியம் என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஞானம்மாவிடம் தெருவில் நின்று சொல்லிவிட்டு வந்த அந்த இருபது பேர்தான் காரணம். ஒருவரும் இல்லாமல் பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று முறை பெட்டி கட்டினேன், மூன்று முறையும் அந்த வெட்கத்தால் அவிழ்த்தேன். ஆண்டவர் நம் நல்ல குணங்களை மட்டும் வைத்து வேலைசெய்வதானால் அவருக்கு ஆளே கிடைக்காது போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து கிடைக்காத காலம். எத்தனை நாள் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு நாள் என்று பின்னால் அஞ்சலை சொன்னாள். அவள்தான் பார்த்தாள். கன்னியர்மடத்தில் நாங்கள் உள்ளாடையோடு குளித்து வளர்ந்தவர்கள். என் உடம்பை என் தாய்க்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் எவரும் கண்டதில்லை. அவள் என்னைக் குழந்தையைப்போலக் கழுவினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, ஊட்டுவதற்கு முன் என் நெற்றியில் கைவைத்து அந்தச் செபத்தைச் சொன்னாள். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு அசையும் பிசகாமல், என் உச்சரிப்பிலேயே. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிழங்கு. காய்ச்சலிலும் எனக்குப் பொறுக்கவில்லை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். கஞ்சியை ஊற்றிவிட்டாள்.

கொஞ்சம் தேறிய பிறகு கேட்டேன்.

"நான்தான் உனக்குச் சொல்லித் தரவில்லையே. எப்படிப் பாடமாயிற்று?"

"நீங்க தெனமும் காலையில சத்தமாச் சொல்லுவீங்கள்ல? செவுரு என்ன கல்லா? பலகதானே."

எழுந்து உட்கார முடிந்த முதல் நாள் காலையில் என்னை வாசலில் ஒரு பெட்டிமேல் உட்காரவைத்தாள். ஜப்பான்காரன் முன்னால் தள்ளிவைத்த மணிக்கு எட்டு இருக்கும். நம் பழைய மணிக்கு ஆறரை, அப்போதுதான் பொழுது விடிகிறது. லயத்துப் பெண்கள் எல்லோரும் கிழங்கு சீவ வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வேதக்காரிகள் நான்கு பேர், மற்றவர்கள் பத்துப் பதினைந்து பேர். யாரோ ஒருத்தி தொடங்கினாள். எல்லோரும் அந்தச் செபத்தைச் சொன்னார்கள், கை நிற்காமல், கத்தியின் சத்தத்தோடு. எல்லோரும் கிழங்கு என்றுதான் சொன்னார்கள், மரியாயி உட்பட. முடிந்ததும் சயாமுக்குப் போனவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். அங்கேதான், சவரி, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாதல்லவா? அதனால் அஞ்சலையின் புருஷன் பெயரை மரியாயி சொன்னாள். மரியாயியின் புருஷன் பெயரை அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் சொன்னாள். அவளுடைய புருஷனுக்காக அவளுக்கு அடுத்தவள். இப்படியே வட்டம் சுற்றி வந்தது. ஒருத்திகூடத் தன் வீட்டு ஆணுக்காகக் கேட்கவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருப்பவளுக்காகக் கேட்டார்கள், எல்லோருக்காகவும் கேட்கப்பட்டது.

நான் மூடத்தனம் என்று கடிந்துகொண்ட பழக்கம் அது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் செபம் சொல்லி வருகிறேன், முழங்காலில் தழும்பு இருக்கிறது. அப்படி ஒரு செபத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஆண்டவரை அந்தத் தோட்டத்துக்கு நான் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதாக நினைத்திருந்தேன். அவர் எனக்கு முன்பே அங்கே வந்து, கிழங்குத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பு நடுங்கியது. காய்ச்சல் திரும்புகிறது என்று நினைத்து அஞ்சலை ஓடி வந்து போர்வையைப் போர்த்தினாள்.

வட்டம் முடியும் இடத்தில் மரியாயி என்னைப் பார்த்தாள். நான் திட்டியதை அவள் மறந்திருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"டீச்சரம்மா, நம்ம உபதேசியாரு பேர நாங்க சொல்றோம். அவரு பேரு என்னா? எல்லாரும் உபதேசியாருன்னே கூப்பிட்டுட்டோம்."

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆங்கிலத்தில் கவிதை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, என் வாழ்நாளில் ஒருமுறைகூட உன் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். பிறகு அஞ்சலை மெதுவாக ஆரம்பித்துப் பெரிதாகச் சிரித்தாள்.

"ஆத்தாடி! நம்மள மூடத்தனம்னாங்களே, இப்ப யாரு வாயி மூடியிருக்கு பாருங்கடி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சவரியுடைய அப்பா" என்று சொன்னேன். அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்று வருஷம் தினமும் காலையில் அந்த லயத்தில் சவரியப்பாவுக்காகக் கேட்டார்கள். உன் பெயரும் அதில் இருந்தது. உனக்கு இது தெரியாது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரும்பாலும் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் கிழங்குக் காட்டுக்குப் போனதும் கிழவிகளோடும் காய்ச்சல்காரர்களோடும் உட்கார்ந்திருந்தேன். காலில் புண் வைத்துப்போனவர்களுக்குக் கட்டத் துணி இல்லாதபோது என் ஆறு புடவைகளில் நான்கைக் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் தைத்துத்தான் கொடுத்தேன். "புண்ணுக்குக் கட்ட ஓரம் எதுக்கு டீச்சரம்மா? அது என்ன கல்யாணத்துக்கா போவுது?" என்று அஞ்சலை கேட்பாள். நூல் பிரிந்து புண்ணில் ஒட்டும் என்பேன். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மரண நேரத்தில் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்களில் பலர் வேதக்காரர் இல்லை. உன் அப்பா அந்தச் சைக்கிளில் போய் முப்பது வருஷம் என்ன செய்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. அவர் உயிரோடு இருந்தபோது விளங்கியிருக்கலாம்.

சண்டை முடிந்ததும் பங்குச் சாமியார் தோட்டத்துக்கு வந்தார். லயம் முழுவதும் ஒரே குரலில் செபம் சொல்வதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்டது அவ்வளவுதான். வெளியூரில் பிறந்தவர், கிழங்கு என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. அஞ்சலையிடம், "வேதத்தில் சேருகிறாயா அம்மா?" என்று கேட்டார். அவள் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"அவரு சயாம்லேர்ந்து வரட்டும் சாமி. கேட்டுட்டுச் சொல்றேன்."

அவன் இன்னும் வரவில்லை. அந்த லயத்திலிருந்து போனவர்களில் இதுவரை இரண்டு பேர்தான் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு பேருமே அவனைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று சொல்ல மறுக்கிறார்கள். அஞ்சலை இன்னும் காத்திருக்கிறாள், மரியாயி இன்னும் அவன் பெயரைச் சொல்கிறாள். சாமியார் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி, ஒரு தோட்டமே செபம் சொல்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். அது ஒரு வாரத்தில் தோட்டமே வேதத்தில் சேர்ந்ததாயிற்று. ஞானம்மா மாலையோடு வந்துவிட்டாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதைத் தாழ்மை என்கிறார்கள். அது கணக்குச் சுத்தம், அவ்வளவுதான்.

இனி நான் இவ்வளவு நேரம் தள்ளிவைத்த ஒன்று. 1943-ல் நீ சிங்கப்பூரிலிருந்து எத்தனை சோதனைகளைத் தாண்டி ரயிலில் வந்தாய். வீடு பூட்டியிருந்தது. தோட்டம்வரை வர உனக்குச் சீட்டு இல்லாததால் ஞானம்மா வீட்டில் மூன்று நாள் தங்கிக் காத்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டாய். செய்தி எனக்குப் பிந்திக் கிடைத்திருக்கும் என்று அவள் உனக்குச் சமாதானம் சொன்னாளாம். நீயும் இதுவரை என்னிடம் கேட்கவில்லை. செய்தி எனக்கு நீ வந்த மறுநாள் காலையிலேயே கிடைத்தது. வண்டிக்காரர் வாசலில் நின்று, "பெரியம்மா, வண்டி திரும்புது, ஏறுங்க. மகன் வந்து காத்துக்கிட்டிருக்காராம்லா" என்றார். உள்ளே செல்லம் சுரத்தில் கிடந்தாள். அஞ்சலை காட்டு வேலைக்குப் போகாவிட்டால் அவர்களுக்குக் கிழங்கும் கிடையாது. குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார என்னைத் தவிர அன்று ஒருவரும் இல்லை. வண்டிக்காரர் அரைமணி நேரம் காத்திருந்தார். நான் ஏறவில்லை. குழந்தை பிழைத்தது. நான் இருந்ததால் பிழைத்தாள் என்று சொல்ல மாட்டேன். போயிருந்தாலும் பிழைத்திருப்பாளோ என்னவோ. எனக்கு அது கடைசிவரை தெரியப்போவதில்லை. நீ பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தாய் என்பது மட்டும் தெரியும்.

நீ போகிற வேலையின் விலை இது. காட்டையும் ஆற்றையும் காய்ச்சலையும் பற்றி உனக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவை வரும், போகும். உன்னை நேசிக்கிற ஒருவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும்போது, நீ வேறு எவருடைய குழந்தைக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அது சரிதானா என்று உனக்கு எவரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். பத்து வருஷத்தில் ஒருவேளை நானே அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க நேரலாம். எனக்கு அறுபத்தைந்து வயது. அப்படி நேர்ந்தால் நான் உன்மேல் கோபப்பட மாட்டேன் என்பதை இப்போதே எழுதித் தருகிறேன். லூர்துவிடமும் இதை மறைக்காதே. அவளும் அவள் தாயின் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வருகிறாள்.

போவதானால் சில காரியம் சொல்கிறேன். உப்பு நிறைய எடுத்துக்கொள். முதல் வருஷம் பாடம் சொல்லாதே, அவர்கள் சொல்வதைக் கேள். உனக்கு அவர்கள் சாப்பாடு கொடுக்கும்போது நன்றி சொல்லிக்கொண்டிருக்காமல் சாப்பிடு. அவர்களுடைய பழக்கம் எதையாவது மூடத்தனம் என்று சொல்ல வாய் வந்தால், அன்று சாயங்காலம்வரை பொறு. சாயங்காலமும் வாய் வந்தால் மறுநாள்வரை பொறு. இத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிக்கை எழுதி இங்கே அனுப்பாதே. ஊர்க்காரர்கள் அதைப் பெருக்கிவிடுவார்கள், நீயும் நம்பத் தொடங்கிவிடுவாய். அங்கே உனக்காக என்ன காத்திருக்கிறதோ அது நீ எடுத்துப்போகிறதைவிடப் பெரியது. இந்தப் பக்கத்தில் என் எழுத்து சரிந்திருப்பதை நீ கவனித்திருப்பாய். மன்னித்துக்கொள்.

நான் உனக்குக் கொடுத்த காரணத்தை இந்தக் கடிதத்தில் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டேன். ஒரு தோட்டத்தை மனந்திருப்பிய தாய் உனக்கு இல்லை. இப்போது உன் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார். அது போதுமானால் போ. போதாவிட்டால் சிங்கப்பூரிலேயே இரு, வாத்தியார் வேலையில் குறைவொன்றும் இல்லை, அதற்காக நான் உன்னைக் குறைத்து நினைக்க மாட்டேன். எதுவானாலும் எனக்கு உன் வாயால் வர வேண்டும், சாமியார் மூலமாகவோ ஞானம்மா மூலமாகவோ வேண்டாம். கப்பலுக்கு முன்பே, போகிறாயா இல்லையா, எதற்காக என்று, ஒரு பக்கத்துக்குக் குறையாமல் பதில் எழுது.

உன் அம்மா